ட்யூப்லைட்டில் உபயம்: கிளப் கைமாறினால் ரசிகன் என்ன செய்வது?

2021 அக்டோபர் 7, மாலை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தின் நடுவில் இருக்கிற செயின்ட் ஜேம்ஸ் பார்க் கால்பந்து மைதானத்துக்கு வெளியே ஒரே கூட்டம். அன்றைக்கு ஆட்டம் எதுவும் கிடையாது. கையில் பீர் டப்பா, வாயில் பாட்டு. சிலர் சமையலறைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஷேக் வேஷம் போட்டிருந்தார்கள். நியூகாசில் கிளப் கைமாறிவிட்டது, 30.5 கோடி பவுண்டுக்கு. அதில் 80 சதவீதப் பங்கு சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்துக்கு. நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல்லில் சவுதியின் துணைத் தூதரகத்துக்குள் போனவர் திரும்பி வராமல் அன்றோடு மூன்று வருஷமும் ஐந்து நாளும் ஆகியிருந்தன. இளவரசரின் ஒப்புதலோடுதான் அந்தக் கொலை நடந்தது என்று அமெரிக்க உளவுத்துறை அறிக்கை அதே 2021 பிப்ரவரியில் வெளியாகியிருந்தது. அவர் மறுக்கிறார்.

நான் நியூகாசில் ரசிகன். அந்த ஊர் மண்ணை மிதித்ததில்லை. 1996ல் பயிற்சியாளர் கெவின் கீகனின் நியூகாசில் அணி 12 புள்ளி முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு பட்டத்தைக் கோட்டைவிட்டதைக் கேபிள் டிவியில் பார்த்தேன். ஜெயித்தவர்களை விட்டுவிட்டுத் தோற்றவர்கள் பின்னால் மனசு போய்விட்டது, இன்னும் திரும்பவில்லை. அந்தத் துண்டுக் கூட்டத்தைப் பார்த்தபோது கூசியது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, முதலில் வந்தது சிரிப்புதான். பதினாலு வருஷம் பழைய உரிமையாளர் மைக் ஆஷ்லியிடம் மாட்டிக்கொண்டிருந்த கிளப் அது. இரண்டு முறை கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. மைதானத்தின் பெயரையே எடுத்துவிட்டுத் தன் விளையாட்டுச் சாமான் கடையின் பெயரை வைத்தார். வெளியே ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேர் சவுதி வந்ததற்காக ஆடவில்லை, ஆஷ்லி போனதற்காக ஆடினார்கள்.

சரி, ஆடி முடித்தாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை என்ன செய்வது? பேசாமல் உள்ளே போய் உட்காரலாம். உள்ளே இருந்துகொண்டே எதிர்க்கலாம். வெளியேறிப் புதுக் கிளப் தொடங்கலாம். சட்டத்தையே மாற்றச் சொல்லிப் போராடலாம். இந்த நான்கையும் யாராவது ஒரு கூட்டம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. அதனால் யூகம் தேவையில்லை, கணக்கே போட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லை ஒதுக்கிவிட வேண்டும். இந்த வாதம் எங்கே தொடங்கினாலும் ‘வெளிநாட்டு முதலாளி’ என்பதில் வந்து முட்டும். பரி என்று ஒரு கிளப், 1885ல் தொடங்கியது, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வாங்கியது. 2018 கடைசியில் அதை ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியவர் பிரிட்டிஷ்காரர்தான். எட்டே மாதம். 2019 ஆகஸ்டில் கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கினார்கள். ஆஷ்லியும் ஆங்கிலேயர்தான். மறுபக்கம் லெஸ்டர் கிளப்பைப் பாருங்கள். தாய்லாந்துக்காரர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா 2010ல் வாங்கினார், 2016ல் பட்டம் வந்தது. 2018 அக்டோபரில் மைதானத்து வாசலிலேயே அவருடைய ஹெலிகாப்டர் விழுந்து அவர் இறந்தபோது ஊரே அழுதது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் ‘வெளிநாட்டு முதலாளி’ என்று முகம் சுளித்தால் அடிதான் விழும்.

நம் நாட்டுக்காரர்களும் இந்தக் கதையில் உண்டு. பூனாவில் கோழிப்பண்ணைத் தொழில் செய்யும் வெங்கீஸ் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. அனுபவசாலிப் பயிற்சியாளரை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2012ல் கிளப் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. அதை உறுதிசெய்த ஆட்டத்தில் கிளப் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை யாரோ மைதானத்துக்குள் விட்டார்கள். 2017ல் மூன்றாம் பிரிவு. பணம் போடவில்லை என்று அவர்களைச் சொல்ல முடியாது, கோடி கோடியாகக் கொட்டியிருக்கிறார்கள். எங்கே கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஆக, பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ‘வெளிநாட்டான்’ என்ற சொல்லுக்குள் பல சமயம் வேறொரு வாடையும் அடிக்கிறது. அமெரிக்கர் வந்தால் ‘முதலீட்டாளர்’, அரபியர் வந்தால் ‘படையெடுப்பு’. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வந்தவர் எதற்கு வந்தார்? பணம் எடுக்க வந்தாரா, பெயர் வாங்க வந்தாரா, விளங்காமலே வந்தாரா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ரசிகர்கள் தோற்கிற இடமெல்லாம் மருந்தை மாற்றிச் சாப்பிட்ட இடங்கள்.

பேசாமல் உள்ளே போவது

யார் குத்தினாலும் அரிசி ஆனால் சரி. பெரும்பான்மையின் கட்சி இதுதான். 2020ல் இந்த விற்பனை பற்றி நியூகாசில் ரசிகர் அறக்கட்டளை தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது 97 சதவீதத்தை ஒட்டி ஆதரவு வந்தது. நூற்றுக்கு மூன்று பேரோடு நின்று தத்துவம் பேசுவது சுலபம். மீதிப் பேர் சொல்வதையும் ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

அவர்கள் வாதத்தில் பலமானது இது. பிரிட்டன் அரசே சவுதிக்கு டைஃபூன் போர் விமானம் விற்றிருக்கிறது. அதே நிதியம் 2016ல் ஊபர் நிறுவனத்தில் 350 கோடி டாலர் போட்டது. லண்டனில் ஊபர் பிடித்து அலுவலகம் போகிறவரிடம் யாரும் மனசாட்சிக் கணக்குக் கேட்பதில்லை. தாத்தா காலத்திலிருந்து ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற வடகிழக்குக் கூலித் தொழிலாளியிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? விற்கச் சொல்லி அவன் கையெழுத்துப் போட்டானா? லீக் அனுமதித்தது, அரசு தடுக்கவில்லை. அறங்காவலர் மாறினார் என்பதற்காக யாராவது குலதெய்வத்தை மாற்றுவார்களா?

இதற்குப் பாதிப் பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஊபர் காருக்கு யாரும் பாட்டுப் பாடுவதில்லை. சவுதிக்கு வேண்டியது அந்தப் பாட்டுதான். நம் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட் உபயம் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெயர், ஊர், கடை, செல்போன் எண் எல்லாம் சிவப்பு பெயிண்டில் எழுதியெழுதிக் கடைசியில் வெளிச்சம் வர இடமே இருக்காது. ஒரு நாடு கால்பந்து கிளப் வாங்குவது அந்த வகை உபயம். ஸ்போர்ட்ஸ்வாஷிங் என்று இங்கிலாந்தில் பெயர் வைத்திருக்கிறார்கள், விளையாட்டை வைத்துக் கறை கழுவுவது. பின் சல்மானே 2023 செப்டம்பரில் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் இந்தச் சொல்லுக்குக் கூச்சப்படவில்லை. நாட்டு வருமானத்தை அது ஒரு சதவீதம் உயர்த்தும் என்றால் தொடர்ந்து செய்வேன் என்றார். ஆடுகிறவரே ஒத்துக்கொண்டபிறகு நாம் எதற்கு மறைக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. விற்பனை நடந்தபோது, சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படியான உறுதிமொழி வாங்கியிருப்பதாக, இங்கிலாந்தின் முதல் பிரிவை நடத்தும் பிரீமியர் லீக் சொன்னது. நிதியம் வேறு, அரசு வேறு என்பது கணக்கு. 2023ல் அமெரிக்காவில் ஒரு கோல்ஃப் வழக்கில் சாட்சியம் கொடுக்க வேண்டி வந்ததும், அதே நிதியம் தன்னை அரசின் அங்கம் என்றது. நியூகாசில் சேர்மன் யாசிர் அல்-ருமய்யானைப் பதவியில் இருக்கும் அமைச்சர் என்றது. ஒரு நீதிமன்றத்தில் அரசு, ஒரு மைதானத்தில் அரசு இல்லை.

உள்ளே போவதிலும் இரண்டு விதம் இருக்கிறது. ‘தெரியும், ஆனாலும் போகிறேன், இது என் ஊர்’ என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை அடுத்த கட்டத்தோடு. மெதுவாக நடக்கும் அது. முதல் வருஷம் ‘எனக்கும் பிடிக்கவில்லைதான்’. இரண்டாம் வருஷம் ‘மற்ற நாடுகள் மட்டும் யோக்கியமா?’ மூன்றாம் வருஷம் கஷோக்ஜி பெயரை யாராவது எடுத்தால் கோபம் வரும், நம் அணியின் மேல் பொறாமை என்று தோன்றும். ரசிகன் சம்பளம் இல்லாத வக்கீலாகிவிட்டான்.

மான்செஸ்டர் சிட்டி இதன் முழு வளர்ச்சி. 2007ல் வாங்கியவர் தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா. மனித உரிமை அமைப்புகள் எச்சரித்துக்கொண்டிருந்தன. ரசிகர்கள் அவருக்கு ‘ஃப்ராங்க்’ என்று செல்லப்பெயர் வைத்துப் பாடினார்கள், பாடகர் ஃப்ராங்க் சினாத்ராவின் பெயரோடு ஒட்டி. 2008ல் அபுதாபியின் ஷேக் மன்சூர் வந்தார். அதன்பிறகு 2024 வரை எட்டு லீக் பட்டம், 2023ல் மூன்று கோப்பைகள் ஒரே பருவத்தில். மைதானத்தில் அவருக்கு நன்றி சொல்லும் பேனர். 2023 பிப்ரவரியில் நிதி விதிகளை மீறியதாக லீக் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை வைத்தபோது, கிளப் மறுத்ததைவிடச் சத்தமாக ரசிகர்கள் மறுத்தார்கள். கணக்குப் புத்தகத்தை அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

செல்சி இன்னும் மோசம். 2022 மார்ச் 5, பர்ன்லி மைதானம். உக்ரைனுக்காக எல்லோரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தபோது, செல்சி ரசிகர்களில் ஒரு பகுதி தங்கள் உரிமையாளரான ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச்சின் பெயரைக் கோஷம் போட்டது. அவர்களுடைய பயிற்சியாளர் டூகெலே இது அதற்கான நேரம் இல்லை என்று கண்டிக்க வேண்டியிருந்தது. ஐந்து நாளில் பிரிட்டன் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியது.

அதற்கடுத்த ஞாயிறு, மார்ச் 13, அதே செல்சியோடு நியூகாசிலுக்கு ஆட்டம். முந்தின நாள் சவுதி ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியிருந்தது. நான் வழக்கம்போல ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். 89வது நிமிஷம் ஹாவர்ட்ஸ் கோல் போட்டார், தோற்றோம். பயிற்சியாளர் எடி ஹவ்விடம் 81 பேரைப் பற்றிக் கேட்டார்கள். கால்பந்துக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்வேன் என்று நிறுத்திக்கொண்டார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வேலை அப்படி. ஆனால் நான் சவுதியிடம் சம்பளம் வாங்குகிறவனா? நானும் அதையேதானே செய்துகொண்டிருந்தேன்?

உள்ளே இருந்தபடி எதிர்ப்பது

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு வழிகளில் ஆழமாக யோசிக்க வைப்பது இதுதான், ஏனென்றால் சில இடத்தில் வேலை செய்திருக்கிறது, சில இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

உதவாத இடம்: மான்செஸ்டர் யுனைடெட். 2005ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வாங்கக் கடன் எடுத்து, அதில் 50 கோடிக்கு மேல் கிளப்பின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அதுவரை கடனில்லாத கிளப். வீட்டை வாங்கி, வீட்டின் மேலேயே அடமானம் வைத்து, வாடகைக்கு இருக்கிறவனை வட்டி கட்டச் சொல்வது மாதிரி. 2010ல் ரசிகர்கள் சிவப்பைக் கழற்றிவிட்டுப் பச்சையும் மஞ்சளும் கலந்த மஃப்ளர் போட ஆரம்பித்தார்கள். கிளப் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்து நிறங்கள் அவை. மிலான் அணிக்கு ஆட வந்த யுனைடெட்டின் பழைய வீரர் பெக்காம், ஆட்டம் முடிந்ததும் அதில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உலகமே பார்த்தது. கிளேசர்களுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. மஃப்ளர் போட்டவர்கள் டிக்கெட் வாங்கித்தானே உள்ளே போனார்கள்? பணம் எடுக்க வந்தவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நிறத்தை மறுத்தார்கள்.

வேலை செய்த இடம்: லிவர்பூல், 2016 பிப்ரவரி 6. புது ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் என்று அமெரிக்க உரிமையாளர்கள் அறிவித்திருந்தார்கள். சண்டர்லாண்டோடு ஆட்டம், 2-0 முன்னிலை. சரியாக 77வது நிமிஷம் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அதன்பிறகு இரண்டு கோல் வாங்கி ஆட்டம் 2-2 ஆனது தனி வேடிக்கை. சில நாட்களில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டது. பணத்துக்கு வந்தவரைப் பணத்தில் தொட்டார்கள். கேட்டதும் ஒரே ஒரு விஷயம், ‘நீ வெளியே போ’ என்று கேட்கவில்லை.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் தங்களுக்குள் தனிப் போட்டியாக சூப்பர் லீக் அறிவித்தபோதும் இதே கதைதான். பன்னிரண்டு கிளப்கள், அதில் ஆறு இங்கிலாந்துக் கிளப்கள். இரண்டே நாளில் ஆறும் ஓடின. அங்கே ஒரு கூடுதல் காரணம் உண்டு: எல்லாக் கிளப் ரசிகர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். உரிமையாளர் பிரச்சினையில் அது நடக்கவே நடக்காது. என் வீட்டுக் கூரை ஒழுகினால் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொண்டாட்டம்.

ஆஷ்லியையும் நியூகாசில்காரர்கள் புறக்கணித்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் சீசன் டிக்கெட் புதுப்பிக்காமல் விட்டார்கள். கிளப் என்ன செய்தது? பத்தாயிரம் அரை சீசன் டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்து நாற்காலியை நிரப்பியது. தொலைக்காட்சிப் பணம் வந்து குவிகிற லீக்கில், வாசலில் கொடுக்கிற காசை மறுப்பதன் பலம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது.

இப்போது சவுதி விஷயத்துக்கு வருவோம். அவர்களுக்கு உங்கள் டிக்கெட் காசு ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் வராவிட்டால் வரிசையில் நிற்க ஆள் இருக்கிறது. 52,000 பேர் உட்காரும் மைதானத்தில் உங்கள் ஒரு நாற்காலி காலியாக இருக்கப்போவதே இல்லை. ஆகவே, புறக்கணிப்பு இங்கே உங்களைத் தவிர வேறு யாரையும் தண்டிக்காது. ஆனால் அவர்கள் வாங்க வந்தது வேறு ஒன்று, அது உங்களிடம்தான் இருக்கிறது: கைதட்டல். அதைக் கோலடித்தவனுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளருக்குக் கொடுக்காமல் இருக்கலாம். சவுதியின் பச்சைக்கொடியை ஆட்டாமல் இருக்கலாம். சவுதி தேசிய அணியின் நிறத்தில் வந்த வெள்ளை-பச்சை ஜெர்ஸியை வாங்காமல் இருக்கலாம். அந்த ஊரிலேயே ஸ்போர்ட்ஸ்வாஷிங்கை எதிர்க்கும் ரசிகர் குழு ஒன்று இருக்கிறது. சிறு குழுதான், சொந்த ஊர்க்காரர்களிடமே ஏச்சு வாங்குகிறார்கள். ஆனால் உபயக்காரர் பெயருக்கு நடுவில் அவர்கள் ஒரு கீறல். செய்தி எழுதுகிறவர்கள் நியூகாசில் என்றதும் கஷோக்ஜியையும் எழுதுகிறார்கள் என்றால் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்த வழியின் நோய் ஒன்று. எதிர்ப்பு தோல்வியோடு வளர்ந்து வெற்றியோடு வாடிவிடும். கிளேசர்கள் மேல் பெருங்கோபம் வெடித்தது பயிற்சியாளர் ஃபெர்குசன் கோப்பைகளாக வாங்கிக்கொண்டிருந்த வருஷங்களிலா, அவர் போனபின் வந்த வறட்சியிலா என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியேறிப் புதுக்கிளப் தொடங்குவது

கேட்க வீரமாக இருக்கும். இரண்டு உதாரணத்தையும் கலந்து பேசுவார்கள், கலக்கக்கூடாது. 2002ல் விம்பிள்டன் கிளப்பை அதன் உரிமையாளர்கள் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக, கால்பந்துச் சங்கம் அமைத்த குழு அனுமதி கொடுத்துவிட்டது. ரசிகர்கள் வெளியேறவில்லை, வீடே வெளியேறிவிட்டது. அவர்கள் பூங்காவில் ஆள் தேர்வு நடத்தி, ஒன்பதாம் படியிலிருந்து ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். 2011ல் கால்பந்து லீக்குக்குள் வந்தார்கள், 2020ல் பழைய பிளவ் லேன் தெருவிலேயே மைதானம் கட்டித் திரும்பினார்கள். அழகான கதை, ஆனால் அது வேறு கதை.

எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்தான் நம் கேள்விக்குப் பதில். 2005ல் கிளேசர்கள் வந்ததும் பிரிந்துபோனவர்கள். உயிரோடு இருக்கிற, ஜெயித்துக்கொண்டிருக்கிற தாய்க் கிளப்பை விட்டுப் பத்தாம் படிக்குப் போனார்கள். உறுப்பினருக்கு ஒரு ஓட்டு, சட்டையில் விளம்பரம் கிடையாது. மூன்று வருஷம் தொடர்ந்து படி ஏறினார்கள். 2010ல் எஃப்.ஏ. கோப்பையில் ரோச்டேலை 3-2 என்று அடித்தார்கள். 2015ல் மாஸ்டன் பகுதியில் சொந்த மைதானம். திறப்பு விழா ஆட்டத்துக்குப் பென்ஃபிகாவின் அணி வந்தது, 1968 ஐரோப்பியக் கோப்பையை யுனைடெட் வென்ற அதே மே 29 அன்று. அடுத்த வருஷமே நிர்வாகத்துக்குள் பூசல், ராஜினாமாக்கள். உரிமையாளர் இல்லாவிட்டால் சண்டை இல்லை என்று நினைத்தவர்களுக்கு, நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் ஒன்றைக் காட்டினால் போதும்.

இதன் விலையை யாரும் பவுண்டில் எழுதுவதில்லை. அப்பா ஒரு மைதானத்தில், மகன் ஒரு மைதானத்தில். முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவனோடு பேச்சு அறுந்தது. கிளேசர்களுக்கு? இருபது வருஷம் தாண்டியும் பெரும்பங்கு அவர்களிடமே இருந்தது. தன் மனசுக்கு நிம்மதி வேண்டும் என்றால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. உரிமையாளரை அசைக்க வேண்டும் என்றால் இது வழியே இல்லை.

ரசிகர் கையில் கிளப் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ரெக்ஸம் கதை கசக்கும். 2011 முதல் ரசிகர் அறக்கட்டளை நடத்திய கிளப். 2020 நவம்பரில் இரண்டு நடிகர்கள், ரையன் ரெனால்ட்ஸும் ராப் மெக்எல்ஹெனியும், கேட்டார்கள். ஓட்டெடுப்பில் 98.6 சதவீதம் ‘விற்றுவிடு’. அதன்பிறகு 2023, 2024, 2025 என மூன்று வருஷம் தொடர்ந்து மேலே. ரசிகனிடம் சாவியைக் கொடுத்தால் அவனும் நல்ல விலைக்கு விற்பான். ஒரே வித்தியாசம், அவனைக் கேட்டார்கள். அது சின்ன வித்தியாசம் இல்லை.

சட்டத்தை மாற்றச் சொல்வது

ஜெர்மனியில் 1998லிருந்து 50+1 விதி. கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் மாதிரி நிறுவனங்களோடு பிறந்த கிளப்களுக்கு விலக்கு. லைப்சிக் இருபதைச் சொச்சம் ஓட்டுரிமை உறுப்பினர்களை மட்டும் வைத்து விதியின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை எடுத்தது. ஓட்டை இருக்கிறது. போட்டி சமமாகிவிடவும் இல்லை, பாயர்ன் மியூனிக் பதினொரு வருஷம் தொடர்ந்து பட்டம் வாங்கியது.

ஆனால் அங்கே ரசிகனுக்கு ஒரு அறை இருக்கிறது, கத்த. 2021 நவம்பரில் பாயர்ன் ஆண்டுக் கூட்டத்தில் கத்தார் ஏர்வேஸ் விளம்பரத்தை எதிர்த்து உறுப்பினர்கள் எழுப்பிய கூச்சலில் கூட்டமே குலைந்தது. 2023ல் அந்த ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. 2024 பிப்ரவரியில் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் திட்டம் வந்தபோது, ரசிகர்கள் மைதானம் முழுக்க டென்னிஸ் பந்து வீசினார்கள். ஆட்டம் நிற்கும், பந்து பொறுக்குவார்கள், மறுபடி வீசுவார்கள். திட்டம் கைவிடப்பட்டது. பணம் வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் உரிமை இருந்தது, அதைப் பயன்படுத்தினார்கள்.

இங்கிலாந்தில் இது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உரிமையாளர் தகுதித் தேர்வில் மனித உரிமை மீறலை பிரீமியர் லீக் சேர்த்தது 2023 மார்ச்சில், நியூகாசில் விற்று ஒன்றரை வருஷம் கழித்து. தனிக் கட்டுப்பாட்டாளரை உருவாக்கும் கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலையில் வந்தது. சின்னம், நிறம், மைதானம் ஆகியவற்றில் ரசிகர்களைக் கேட்காமல் கைவைக்க முடியாது, உரிமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பரி மாதிரிச் சாவுகளை இது தடுக்கலாம். நாடுகள் கிளப் வாங்கக்கூடாது என்று அது சொல்லவில்லை.

இந்த நான்கில் கிளப் இன்னும் விற்கப்படவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், கடைசி வழிதான். ரசிகர் அறக்கட்டளையில் சேருங்கள், ஒரு பங்காவது வாங்குங்கள், சலிப்பூட்டும் கூட்டங்களுக்குப் போங்கள். விற்றாகிவிட்டது, வந்தவர் பணத்துக்கு வந்தவர் என்றால், இரண்டாவது வழி, அதுவும் லிவர்பூல் மாதிரி: ஒரு விஷயம், ஒரு தேதி, ஒரு நிமிஷம். வந்தவர் விளங்காமல் வந்தவர் என்றால் பொறுமையைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை, பிளாக்பர்ன்காரர்களைத்தான் கேட்க வேண்டும். வந்தது ஒரு நாடு என்றால், டிக்கெட் கையில் இருக்கட்டும், வாயை வாடகைக்கு விடாதீர்கள். மூன்றாவது வழியைத் தேர்ந்தவர்களை நான் கும்பிடுகிறேன், யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து இதைச் சொல்வது சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். எனக்கு விடுவதற்கு அப்பா உட்கார்ந்த நாற்காலி கிடையாது. என்னிடம் இருப்பது சந்தா கட்டிய டிவியும், வருஷத்துக்கு ஒரு ஜெர்ஸி வாங்கும் பழக்கமும்தான். ஜெர்ஸியை 2021லேயே நிறுத்தினேன். டிவியை நிறுத்த முடியவில்லை.

2025 மார்ச் 16, ராத்திரி பத்து மணிக்கு வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதி ஆட்டம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் டான் பர்ன் தலையால் முட்டி ஒன்று, அப்புறம் ஈசாக் ஒன்று. லிவர்பூல் 1, நியூகாசில் 2. உள்நாட்டுக் கோப்பை ஒன்று வந்து எழுபது வருஷம். நான் போட்ட சத்தத்தில் மாடியில் தூங்கிய அக்கா மகன் எழுந்து வந்துவிட்டான். பத்து வயசு. டிவியில் கறுப்பு வெள்ளைக் கோடுகளையே கொஞ்சநேரம் பார்த்தான்.

“மாமா, நெஞ்சுல ஏதோ எழுதியிருக்கே, அது யாரு?”

“சேலா. சவுதி கம்பெனி.”

“அவங்க எதுக்கு இங்க வந்தாங்க?”

சத்தத்தைக் குறைத்தேன். கோப்பை வாங்க இன்னும் நேரம் இருந்தது. இஸ்தான்புல்லிலிருந்து ஆரம்பித்தேன்.